ரெண்டு கோட்டையூர்: ஒரு மொய் மென்பொருளில் வேகம் தேடிப் போன கதை

போன் வந்தபோது ராத்திரி பதினோரு மணி இருக்கும். மொய் எழுதப் போகிற அண்ணன் பேசினார். "தம்பி, ஒன் சாப்ட்வேர் ஆளை முழுங்கிருச்சுப்பா. கோட்டையூர்ல இருந்து வந்த ஆளுகள்ல பாதிக்கு மேல காணோமாம். அப்பத்தா என்னைய விட மாட்டேங்குது." பின்னாலிருந்து அந்த அப்பத்தாவின் குரலும் கேட்டது: "இருபத்தேழு பேரு வந்தாக. நான் வாசல்லயே உக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். இதுல ஒம்பது பேருதான் இருக்காக."

காதணி விழா வீடு அது. மொய் நோட்டில் பெயர் விட்டுப்போவது எங்கள் பக்கம் சின்ன விஷயம் இல்லை. இன்று ஐயாயிரம் செய்தவருக்கு நாளை அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்ய வேண்டும். நோட்டில் பெயர் இல்லை என்றால் செய்ய மறந்துபோகும், மறந்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் படி மிதிப்பது நின்றுபோகும்.

நான் முதலில் கேட்டது தொகை டேலி ஆகிறதா என்றுதான். ஆகிறது, ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. அப்படியென்றால் ஆட்கள் உள்ளேதான் எங்கேயோ இருக்கிறார்கள். "அச்சடிச்ச தாளை முதல் பக்கத்துல இருந்து பொறுமையாப் புரட்டுங்கண்ணே" என்றேன். பத்து நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டார். கோட்டையூர் என்ற தலைப்பு ரெண்டு இடத்தில் இருந்தது. ஒன்று கோவிலூருக்கு முன்னால், இருக்க வேண்டிய இடத்தில், ஒன்பது பேரோடு. இன்னொன்று அதற்கு ஒரு பக்கம் முன்னாடி, கொத்தமங்கலத்துக்கும் மேலே, பதினெட்டுப் பேரோடு. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அதே கோ, அதே ட், அதே டை.

இந்த ரெண்டு கோட்டையூர் எப்படி வந்தது என்று தேடியபோது கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். தவறு நடந்த நாள் அந்தக் காதணி விழா நாள் இல்லை. அதற்கு ஐந்து மாதம் முன்னால், நான் ஒரு புல் ரெக்வெஸ்ட்டை, அதாவது ஒருவர் அனுப்பிய கோட் திருத்தத்தை, படிக்காமல் மெர்ஜ் செய்த (மென்பொருளில் சேர்த்த) நாள்.

என்ன மென்பொருள், என்ன கோட்

நாலு வருஷத்துக்கு முன்னால் எழுதியது. கட்டற்ற மென்பொருள் (கோடை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்), ஜிபிஎல் உரிமம், பைத்தான் மொழி, தரவைச் சேமிக்க எஸ்க்யூலைட், அவ்வளவுதான். மண்டபத்தில் தாம்பாளம் வைத்த மேஜைக்குப் பக்கத்தில் ஒரு லேப்டாப், ஒரு சின்னப் பிரிண்டர். வந்தவரிடம் முதலில் ஊரைக் கேட்பார்கள், அப்புறம் விலாசம் (எங்கள் பக்கம் இனிஷியலைப் பலரும் அப்படித்தான் சொல்வார்கள், ரெண்டு மூன்று முன்னெழுத்து சேர்ந்து வரும்), பெயர், தொகை. விசேஷம் முடிந்த ராத்திரியே ஊர்வாரியாக, அகரவரிசையில் அச்சடித்து வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் நாலைந்து மொய் எழுதுகிறவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். திருத்தம் அனுப்புகிறவர்கள் மூன்று பேர், நல்ல நாளில் நான்கு.

இதில் சிக்கலான வேலை ஒன்றே ஒன்றுதான்: அகரவரிசை. கணினியை அதன் போக்கில் விட்டால் தமிழை யூனிகோடு (ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுக்கும் பொது அட்டவணை) எண் வரிசையில்தான் அடுக்கும். அந்த அட்டவணையில் ன என்பது ந-வுக்கு அடுத்தும், ற என்பது ர-வுக்கு அடுத்தும் உட்கார்ந்திருக்கின்றன. நம் அகரவரிசையிலோ ற, ன ரெண்டும் கடைசி. அதனால் கணினி கானாடுகாத்தானை முதலில் போட்டு காரைக்குடியைப் பின்னால் தள்ளும். குளத்தூருக்கு முன்னால் குன்றக்குடி வந்து நிற்கும். புள்ளி இன்னொரு தலைவலி. அகராதியில் ட் முதலில், ட அப்புறம். யூனிகோடில் புள்ளிக்கு உயிர்க்குறிகளையெல்லாம் தாண்டிய எண், ஆகவே பட்டமங்கலத்துக்கு முன்னால் படமாத்தூர் வரும். சொந்தக்காரர் பெயரை விரலால் தடவித் தேடுகிற பெரியவர்களிடம் யூனிகோடு நியாயம் எடுபடாது.

அதற்காக நான் எழுதியது ஒரு சின்ன ஃபங்ஷன், பெயர் 'வரிசைச்சாவி'. பெயரை வாங்கும், நார்மலைஸ் செய்யும் (ஒரே எழுத்தை வேறு வேறு விதமாகத் தட்டியிருந்தால் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும்), எழுத்து எழுத்தாகப் பிரிக்கும் (க-வும் ா-வும் சேர்ந்தால் ஒரே எழுத்து, கா), ஒவ்வொரு எழுத்துக்கும் என் அகரவரிசை அட்டவணையில் இருக்கும் எண்ணை எடுத்து வரிசையாகக் கொடுக்கும். முப்பது வரி இருந்தால் அதிகம். நிரல் தெரியாத ஒருவருக்குக்கூட மேலிருந்து கீழே விரலை வைத்துச் சொல்லிக் கொடுத்துவிடலாம். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு, அந்தப் பெருமைதான் பின்னால் மண்ணைக் கவ்வியது.

மெதுவாக இருந்தது உண்மைதான்

ஊர்ப் பெயரைத் தட்டத் தட்டக் கீழே பழைய பெயர்கள் வரிசையாக வர வேண்டும். கோ என்று தட்டினால் கோட்டையூர், கோவிலூர், கோனாபட்டு. இது இருந்தால்தான் மேஜையில் வேகம் வரும். ஆனால் நான் எழுதியிருந்த விதத்தில் ஒவ்வொரு எழுத்தைத் தட்டும்போதும் பழைய பதிவுகள் அத்தனைக்கும் வரிசைச்சாவி புதிதாகக் கணக்கிடப்பட்டது. ஆரம்பத்தில் ஐந்நூறு பதிவு, ஒன்றும் தெரியவில்லை. பல விசேஷங்களின் நோட்டுகளைச் சேர்த்து 38,000 பதிவு ஆனபோது, மொய் மேஜையில் இருக்கிற பழைய செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பில் ஒரு எழுத்துக்கு 1.4 வினாடி. என் கணினியில் அந்தத் தாமதம் தெரியாததால் அண்ணன் சொன்னதை ரெண்டு மாதம் நான் நம்பவில்லை. அப்புறம் ஒரு முகூர்த்த நாளில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வரிசை வாசல் வரைக்கும் நிற்கிறது, பந்தியில் இலை போட்டாச்சு என்று யாரோ கூப்பிடுகிறார்கள், கையில் பணத்தை வைத்துக்கொண்டு நிற்கிறவர் முகத்தையும் அந்தச் சுற்றுகிற மணல்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்க்கிற சங்கடம் இருக்கிறதே, அதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

ஆகவே 'முதலில் அழகாக எழுது, வேகத்தை அப்புறம் பார்க்கலாம்' என்று வேதாந்தம் பேசுகிற கேஸ் இல்லை இது. அந்த அப்புறம் எப்போதோ வந்துவிட்டிருந்தது.

தம்பியின் மாயம்

பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்த ஒரு தம்பி இதைக் கையில் எடுத்தான். சி மொழியில் கெட்டிக்காரன். அவன் செய்ததை இப்போதும் ரசிக்கிறேன், அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கியது 128 இடம். அதைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் (ஒரு பைட் என்பது எட்டு பிட், ஒரு பிட் என்பது 0 அல்லது 1). முதல் பைட் எப்போதும் 224. ரெண்டாவது 174 அல்லது 175, வேறு எதுவும் வராது. மூன்றாவது 128 முதல் 191 வரை. அப்படியென்றால் முதல் பைட்டைப் பார்க்கவே வேண்டாம், ரெண்டாவதில் கடைசி பிட் போதும், மூன்றாவதில் கடைசி ஆறு பிட் போதும். சேர்த்தால் ஏழு பிட், 0 முதல் 127 வரை ஒரு எண், நேரே அட்டவணையில் கை வைக்கலாம். டீகோட் செய்யும் வேலையே இல்லை.

அடுத்தது இன்னும் அழகு. தமிழ் எழுத்து 247, கூட ஜ ஷ ஸ ஹ வரிசைகள், ஸ்ரீ. ஒரு எழுத்துக்கு 9 பிட் கொடுத்தால் 512 இடம், தாராளம். ஏழு எழுத்துக்கு 63 பிட். ஒரே 64 பிட் எண்ணுக்குள் பெயரின் முதல் ஏழு எழுத்து அடங்கிவிடும், ஒரு பிட் மிச்சம். கா, னா, டு, கா, த், தா, ன்: கானாடுகாத்தான் முழுசாக ஒரு எண்ணுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. மூன்று எழுத்துத் தட்டினால் மேலே உள்ள 27 பிட்டை மட்டும் ஒப்பிட்டால் போதும். ஏழுக்கு மேல் நீண்ட பெயருக்கு மட்டும் அடுத்த சுற்று.

ஒரு எழுத்துக்கு 1.4 வினாடி எடுத்தது 7 மில்லிவினாடி ஆனது. கோட் சரியா என்று தானாகப் பார்க்கும் டெஸ்ட் எல்லாம் பச்சை. நான் போட்ட கமெண்ட் இன்னும் ரெப்போவில் (கோட் வைத்திருக்கும் பொதுக் கிடங்கில்) இருக்கிறது: "சூப்பர் தம்பி". அந்த ஒற்றை வரிதான் என் ரெவ்யூ. இருநூறு வரி பிட் வேலையைப் படிக்க உட்கார்ந்தேன், நாற்பதாவது வரியில் தலை சுற்றியது, டெஸ்ட்தான் பாஸ் ஆகிறதே என்று மெர்ஜ் பட்டனை அழுத்தினேன். புரியவில்லை என்று சொல்ல வெட்கம். வயதில் மூத்தவன், ரெப்போ என்னுடையது, ஒரு காலேஜ் பையனிடம் போய் 'இது என்னப்பா' என்று கேட்பதா? கேட்டிருக்கலாம். அவன் சந்தோஷமாகச் சொல்லியிருப்பான்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் அந்தக் கோப்பை யாரும் தொடவில்லை. எல்லாம் சரியாக ஓடுகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். உண்மை என்னவென்றால், தொடக்கூடியவர்கள் போய்விட்டார்கள். தேவகோட்டையிலிருந்து ஒருவர் அவ்வப்போது சின்னத் திருத்தம் அனுப்பிக்கொண்டிருந்தார், விண்டோஸில் சி கம்பைலர் நிறுவச் சொன்னதும் காணாமல் போனார். கட்டற்ற மென்பொருளில் கோட் திறந்திருக்கிறது என்பதும் ஆட்கள் உள்ளே வர முடிகிறது என்பதும் வேறு வேறு சங்கதி. பூட்டாத வீடுதான், ஆனால் வாசற்படி ஆள் உயரம்.

கோ எங்கே உடைந்தது

அந்த மண்டபத்தில் கூட்டம் அதிகம் என்று ரெண்டு மேஜை போட்டிருந்தார்கள், ரெண்டு லேப்டாப். ராத்திரி ரெண்டையும் சேர்த்து அச்சடித்தார்கள். ரெண்டாவது லேப்டாப்பில் தட்டியவர் பாமினி எழுத்துருக் காலத்து ஆள். பாமினியில் பார்வைக்கு எப்படித் தெரிகிறதோ அப்படியே தட்டுவார்கள்: முதலில் இரட்டைக்கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். அவர் விரலுக்கு அதுதான் பழக்கம் என்பதால், பாமினி விசையை யூனிகோடாக மாற்றிக் கொடுக்கும் ஒரு பழைய கருவியை வைத்திருந்தார். அது இரட்டைக்கொம்பை க-வுக்குப் பின்னால் சரியாக நகர்த்திவிடும். ஆனால் கொம்பையும் காலையும் ஒன்றாகச் சேர்க்காது.

யூனிகோடில் கோ-வை ரெண்டு விதமாக எழுதலாம். க, அதற்குப் பின் ோ என்ற ஒரே குறி: மொத்தம் ரெண்டு. அல்லது க, ே, ா என்று மூன்று. திரையில் ரெண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், அச்சிலும் அப்படியே. ரெண்டும் சமம் என்று யூனிகோடு விதியே சொல்கிறது, சமப்படுத்தி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதற்குப் பெயர்தான் நார்மலைஸ். கொ, கௌ ரெண்டுக்கும் இதே கதை. செட்டிநாட்டு ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் சொல்லிப் பாருங்கள்: கோட்டையூர், கோனாபட்டு, கொத்தமங்கலம், தேவகோட்டை, கோவிலூர். உடைவதற்கென்றே வைத்த பெயர் மாதிரி இருக்கிறது.

தம்பியின் கோட் க, ே என்று பார்த்ததும் 'கே' என்று ஒரு எழுத்தை முடித்துக்கொண்டது. பின்னால் அநாதையாக நின்ற ா-வை இன்னொரு எழுத்தாக எண்ணியது. கே என்பது கை, கொ, கோ எல்லாவற்றுக்கும் முந்தியது. பதினெட்டுப் பேரோடு அந்தக் கோட்டையூர் கொத்தமங்கலத்துக்கு மேலே ஏறிக்கொண்டது இப்படித்தான். தொகை டேலி ஆனது ஏன் என்பதும் இப்போது புரியும், யாரும் தொலையவில்லை, பக்கம் மாறி உட்கார்ந்துவிட்டார்கள்.

பழைய கோடில் நார்மலைஸ் ஒரு வரியில் இருந்தது. பைத்தானில் அது கையோடு கிடைக்கிற வசதி. சி-க்குப் போனபோது அதையும் கூட எடுத்துக்கொண்டு போக வேண்டும், அது சின்ன வேலை இல்லை. தம்பி அந்த வரியை நீக்கிவிட்டு டெஸ்ட் ஓட்டிப் பார்த்திருக்கிறான், எதுவும் உடையவில்லை. ஏன் உடையும்? டெஸ்டில் இருந்த பெயர்கள் எல்லாம் நானே என் கணினியில் தட்டியவை, எல்லாம் ஒற்றைக் குறி. 'இந்த வரி தேவையில்லை போலிருக்கிறதே' என்று புல் ரெக்வெஸ்ட்டின் கடைசியில் எழுதியும் இருக்கிறான். நான் கடைசி வரை படிக்கவில்லை.

ஆனால் குறையை அவன் தலையில் கட்ட மாட்டேன். அந்த வரி ஏன் இருக்கிறது என்று நாலு வருஷத்துக்கு முன்னால் நான் எழுதவே இல்லை. பாமினி நோட்டு ஒன்றை இறக்குமதி செய்தபோது பட்ட அனுபவத்தில் சேர்த்த வரி அது. எனக்குத் தெரியும், என் மண்டைக்குள் இருந்தது. முப்பது வரியும் தெளிவு, படித்தால் புரியும் என்று பெருமைப்பட்டேனே, அது என்ன செய்கிறது என்பது புரிந்தது, எதற்காகச் செய்கிறது என்பது யாருக்கும் புரிய வழியில்லை. அழகான மாறிப் பெயர்களும் சின்னச் சின்ன ஃபங்ஷன்களும் இருந்துவிட்டால் படிக்கத்தக்க கோட் ஆகிவிடும் என்று நினைத்தவன் நான்.

இதே கதை பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. 2006-ல் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், மறையாக்க வேலைக்கான ஓபன்எஸ்எஸ்எல் பொதியில் ரெண்டு இடத்தில் ஒரு வரியை எடுத்தார்கள். நினைவகத்தைச் சோதிக்கும் வால்கிரைண்ட் என்ற கருவி அந்த வரிகளைக் காட்டிக் குறை சொன்னது, பார்வைக்கும் அவை ஏன் இருக்கின்றன என்று தெரியவில்லை. ஆனால் அவற்றில் ஒன்றின் வழியாகத்தான் மறையாக்கச் சாவிகளை உருவாக்கும் தற்செயல் எண்களுக்கான விதை உள்ளே போய்க்கொண்டிருந்தது. எடுத்த பிறகு மிஞ்சியது பிராசஸ் எண் (ஓடுகிற நிரலுக்குக் கணினி கொடுக்கும் எண்) மட்டும், அதிகபட்சம் 32,768 வாய்ப்பு. அந்தக் காலத்தில் டெபியனிலும் உபுண்டுவிலும் உருவான சாவிகளை யாரும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை. வெளியே தெரிந்தது 2008 மே மாதம். அங்கே நோக்கம் வேகம் இல்லை, எச்சரிக்கையை ஒழிப்பது. ஆனால் ஒரு வரி எதற்காக இருக்கிறது என்று பக்கத்தில் எழுதாமல் விட்டால், அதை எடுப்பதற்கு நல்லெண்ணம் உள்ள ஒருவர் என்றைக்காவது வந்தே தீருவார்.

குறிப்பேடும் பேரேடும்

எங்கள் ஐயா, அதாவது தாத்தா, ஒரு வட்டிக்கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அன்றாடம் நடந்தது நடந்தபடி குறிப்பேட்டில் ஏறும். அப்புறம் ஆள்வாரியாகப் பிரித்துப் பேரேட்டில் ஏற்றுவார்கள். ஒருவர் வந்து என் கணக்கு என்ன என்று கேட்டால் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டு உட்கார முடியாது, பேரேட்டில் அவர் பக்கத்தைத் திறந்தால் உடனே தெரியும். வேகத்துக்குப் பேரேடு. ஆனால் பேரேட்டில் சந்தேகம் வந்தால்? குறிப்பேட்டை எடு. பேரேடு போட்டாச்சே என்று குறிப்பேட்டைப் பழைய பேப்பர்காரனிடம் போட்ட கணக்குப்பிள்ளை யாரும் உண்டா?

நான் போட்டேன். தம்பியின் சி கோட் உள்ளே வந்த அதே கமிட்டில் (பதிந்த மாற்றத்தில்) என் பழைய வரிசைச்சாவி நீக்கப்பட்டிருந்தது. வேகமான கோடை எழுதியதில் தப்பில்லை, மெதுவானதைத் தூக்கி எறிந்ததுதான் தப்பு. வேகமானது சொல்வது சரியா என்று கேட்டுப் பார்க்க எங்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. மொய் வீட்டில் அப்பத்தாவின் ஞாபகம் இருந்ததால் தப்பித்தோம்.

திருத்தியது

தம்பியையும் கூப்பிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். பழைய பைத்தான் கோடை மீட்டெடுத்து எங்கே நேரம் போகிறது என்று புரொஃபைலர் வைத்துப் பார்த்தோம். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும், யாரும் செய்யவில்லை. வரிசைச்சாவி ஒரு முறை ஓட ஆகும் நேரம் அற்பம். அதை ஒரு விசைத் தட்டலுக்கு 38,000 முறை கூப்பிட்டதுதான் வியாதி. கோட்டையூர் என்ற பெயர் நேற்றும் கோட்டையூர்தான், இன்றும் கோட்டையூர்தான், அதன் சாவி மாறப்போவதில்லை. எதற்கு ஒவ்வொரு முறையும் கணக்கிட வேண்டும்?

ஆகவே பதிவைச் சேமிக்கும்போதே ஒருமுறை நார்மலைஸ் செய்து, சாவியைக் கணக்கிட்டு, எஸ்க்யூலைட் அட்டவணையில் தனிப் பத்தியில் வைத்தோம், அதற்கு ஒரு இன்டெக்ஸ் போட்டோம். தட்டிய எழுத்தின் சாவிக்கும் அதற்கு அடுத்த சாவிக்கும் நடுவில் இருப்பதைக் கொடு என்று கேட்டால் எஸ்க்யூலைட் 38,000 பதிவையும் தொடாமல், பாதி பாதியாக ஒதுக்கி, சுமார் பதினாறு ஒப்பீட்டில் இடத்தைக் கண்டுபிடித்துவிடுகிறது. அதே பழைய லேப்டாப்பில் 2 மில்லிவினாடி. அத்தனை பிட் வித்தையும் போட்ட சி கோட் 7, இந்தச் சாதாரணப் பைத்தான் 2. தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சிரித்துவிட்டு, "அண்ணே, நான் வேகமா எண்ணுனேன், எண்ணவே வேண்டாம்னு யாரும் சொல்லலையே" என்றான்.

இதற்கும் விலை உண்டு. சாவி இப்போது தரவோடு சேமிக்கப்படுகிறது, வரிசை விதியை நாளைக்கு மாற்றினால் பழைய சாவிகள் எல்லாம் தப்பாகிவிடும். அதனால் விதிக்கு ஒரு பதிப்பு எண் கொடுத்தோம், எண் பொருந்தாவிட்டால் திறக்கும்போதே எல்லாவற்றையும் புதிதாகக் கணக்கிடும். சி கோடை ரெப்போவிலிருந்து எடுத்துவிட்டோம். தம்பிக்கு வருத்தம் இருந்தது, எனக்கும்தான், அந்த 63 பிட் வித்தை அவ்வளவு அழகு.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு 'வேகத்துக்காகக் கோடை முறுக்குவதே பாவம்' என்று யாரும் கொடி பிடிக்க வேண்டாம். நான் நம்பியிருக்கும் எஸ்க்யூலைட்டே அப்படி முறுக்கி வந்ததுதான். 2014-ல் வந்த 3.8.7 பதிப்பு, 3.7.17 பதிப்பைவிட அதே வேலையில் 50% வேகம் என்று அதை எழுதிய ரிச்சர்ட் ஹிப் அறிவித்தார். புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மாற்றங்கள், ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் கண்ணில் படாத அளவு. ஒவ்வொன்றையும் கேஷ்கிரைண்ட் என்ற கருவியில் அளந்து அளந்து செய்தார்கள். அவர்களால் முடிந்ததற்குக் காரணம், மூலநிரலைவிடப் பல நூறு மடங்கு நீளமான சோதனை நிரல் பின்னால் நிற்கிறது. அவர்கள் குறிப்பேட்டை வைத்திருக்கிறார்கள்.

பைத்தானின் வரிசைப்படுத்தும் முறையும் அப்படித்தான். 2002-ல் டிம் பீட்டர்ஸ் எழுதிய டிம்சார்ட், லேசில் புரிகிற கோட் இல்லை. ஆனால் கூடவே ஒரு நீளமான உரைக்கோப்பு வைத்தார், ஏன் இப்படி, எந்தக் கட்டத்தில் எது உண்மையாக இருக்க வேண்டும், எதை முயன்று கைவிட்டேன் என்று கதை மாதிரி இருக்கும். 2015-ல் சில ஆராய்ச்சியாளர்கள் கணித முறையில் சரிபார்த்தபோது, இருக்க வேண்டும் என்று சொன்ன நிபந்தனை ஒன்று சில நேரம் உடைகிறது என்று கண்டுபிடித்தார்கள். ஜாவாவில் இதே முறையை வைத்திருந்த இடத்தில் நிரலை நிஜமாகவே கவிழ்க்க முடிந்தது. பதின்மூன்று வருஷம் யார் கண்ணிலும் படாத பிழை. என்ன நினைத்து எழுதினேன் என்று டிம் பீட்டர்ஸ் சொல்லி வைத்ததால்தான், நினைத்ததும் எழுதியதும் ஒத்துப்போகவில்லை என்று இன்னொருவரால் காட்ட முடிந்தது. எங்கள் சி கோடில் அந்த மாதிரி ஒரு வரிகூட இல்லை.

இப்போது

ரெப்போவில் ரெண்டு வழக்கம் வைத்திருக்கிறோம். வேகத்துக்காக ஒன்றை மாற்றினால் பழைய மெதுவான வடிவம் டெஸ்ட் அடைவுக்குள் போய் உட்காரும், ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான பெயர்களைத் தாறுமாறாக உருவாக்கி ரெண்டிடமும் கேட்டு விடை ஒன்றா என்று பார்க்கும். அந்தப் பெயர்களில் உடைந்த கோ, உடைந்த கொ, நடுவில் ஆங்கில எழுத்து, இனிஷியல் புள்ளி எல்லாம் வேண்டுமென்றே கலந்திருக்கும். இன்னொன்று, மெர்ஜ் செய்கிறவர் அந்த மாற்றம் என்ன செய்கிறது என்று தன் சொந்த வார்த்தையில் நாலு வரி எழுத வேண்டும். எழுத வரவில்லை என்றால் மெர்ஜ் கிடையாது. இது முக்கியமாக எனக்காக வைத்தது.

போன மாதம் பாமினி நோட்டு இறக்குமதியைப் பத்து மடங்கு வேகமாக்கி ஒருவர் அனுப்பினார். நல்ல வேலைதான், நன்றி சொல்லி மறுத்துவிட்டோம். இறக்குமதி ஒரு வீட்டுக்கு ஒருமுறை நடப்பது, நாலு நிமிடம் ஆகிறது, மொய் அண்ணன் அந்த நேரத்தில் டீ குடித்துவிட்டு வருகிறார். அந்த மாற்று அட்டவணையில் வரி முன்பின் மாறினால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும், அதை நாலு பேர் படித்துப் புரிந்துகொள்ள முடிவதுதான் எங்களுக்கு வேண்டும்.

அந்த வீட்டுப் பட்டியலை மறுபடி அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அப்பத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோட்டையூர் பக்கத்தில் விரலை வைத்து ஒவ்வொருவராக எண்ணியது. இருபத்தேழு. அதோடு விடவில்லை. "பழ. கரு. வீட்டு ஆளு ரெண்டு எடத்துல இருக்காகளே, ஒண்ணுல புள்ளி இருக்கு, ஒண்ணுல இல்ல, ரெண்டும் ஒரே ஆளுதான்" என்று காட்டியது. பழ.கரு., பழ. கரு., பழ கரு: இடைவெளியும் புள்ளியும் மாறினால் எங்கள் நிரலுக்கு அது மூன்று விலாசம். அந்தக் குறைக்காக ரெப்போவில் போட்ட இஷ்யூ இன்னும் திறந்தே இருக்கிறது. ஆவணி முகூர்த்தத்துக்குள் முடிக்க வேண்டும், தம்பி எடுத்திருக்கிறான், இந்த முறை பைத்தானில்.